மிடில் ஸ்கூல்: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்கப் புறநகர்களில் வசிக்கும் வாசகர்கள், அரசு மிடில் ஸ்கூல் (ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை) பற்றிக் கேட்டிருந்த கேள்விகளில் பலருக்கும் பொதுவானவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: நல்ல மிடில் ஸ்கூலுக்காகவே வீடு மாறுகிறோம். வாடகை விளம்பரத்தில் போட்டிருக்கும் பள்ளியின் பெயரை நம்பலாமா?
– வாசகர், நேப்பர்வில், இல்லினாய்

நம்பி லீஸில் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் ஊரே இதற்கு நல்ல உதாரணம். முகவரியில் நேப்பர்வில் என்றுதான் இருக்கும். ஆனால் ஒரு பகுதி 203-ஆம் டிஸ்ட்ரிக்டில் (பள்ளி மாவட்டத்தில்) வரும், இன்னொரு பகுதி இந்தியன் பிரெய்ரி 204-இல் வரும், தெற்கே சில தெருக்கள் பிளெயின்ஃபீல்ட் 202-க்குப் போய்விடும். ஊர் எல்லை வேறு, பள்ளி மாவட்ட எல்லை வேறு. ஒரே டிஸ்ட்ரிக்டுக்குள்ளும் சாலையின் இந்தப் பக்கம் ஒரு பள்ளி, அந்தப் பக்கம் இன்னொன்று என்று பிரிந்திருக்கும்.

டிஸ்ட்ரிக்டின் இணையதளத்தில் முகவரியை இட்டுப் பள்ளியைத் தேடும் வசதி இருக்கும். கதவு எண்ணோடு முழு முகவரியையும் போட்டுப் பாருங்கள். அதோடு நிறுத்தாமல், சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். இந்த முகவரிக்கு எந்த மிடில் ஸ்கூல், எந்த ஹைஸ்கூல்? எல்லை மாற்றம் ஏதும் பரிசீலனையில் இருக்கிறதா? அந்தப் பள்ளியில் இடம் நிறைந்து புதியவர்களை வேறு பள்ளிக்கு அனுப்புகிறார்களா? மூன்றாவதைப் பலர் கேட்பதில்லை. வேகமாக வளரும் புறநகர்களில் அதுதான் காலை வாரிவிடும். முகவரி சரியாக இருந்தும், இடமில்லை என்று பிள்ளையை நாலு மைல் தள்ளி இருக்கும் பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள்.

எல்லையை மாற்றும் அதிகாரம் தேர்ந்தெடுக்கப்பட்ட பள்ளி வாரியத்திடம் இருக்கிறது. வாரியக் கூட்டம் பொதுக்கூட்டம், யாரும் போய் உட்காரலாம். பேச விரும்பினால் முன்கூட்டியே பெயர் கொடுத்தால் இரண்டு மூன்று நிமிடம் தருவார்கள். மாற்றம் வந்தால் எட்டாம் வகுப்பில் இருப்பவர்களைப் பெரும்பாலும் அதே பள்ளியில் முடிக்க விடுவார்கள். பஸ் வருமா என்பதைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: சென்னையில் ஆறாம் வகுப்பு முடித்த மகளோடு ஜூலையில் வருகிறோம். என்னென்ன காகிதம் வேண்டும்? டி.சி. கட்டாயமா?
– வாசகி, எடிசன், நியூஜெர்சி

டி.சி. இல்லையென்று எந்த அரசுப் பள்ளியும் திருப்பி அனுப்பாது. இருந்தால் கொண்டு வாருங்கள், அவ்வளவுதான். வேண்டியவை: பிறப்புச் சான்றிதழ் அல்லது பாஸ்போர்ட், லீஸ் ஒப்பந்தமும் மின்சார பில் போன்ற ஒரு முகவரிச் சான்றும், கடைசி இரண்டு ஆண்டு மதிப்பெண் பட்டியல், தடுப்பூசி அட்டை. முதலில் நண்பர் வீட்டில் தங்குவதாக இருந்தால், நீங்கள் அங்கே வசிப்பதாக வீட்டுக்காரர் கையெழுத்திட்டு நோட்டரி செய்த உறுதிமொழிப் படிவம் கேட்பார்கள். அந்தப் படிவத்தை டிஸ்ட்ரிக்டே தரும். வகுப்பைப் பெரும்பாலும் வயதை வைத்தே முடிவு செய்வார்கள். உங்கள் மகள் ஏழாம் வகுப்பில் சேருவாள்.

சிக்கல் வருவது தடுப்பூசி அட்டையில்தான். நம் ஊர் அட்டவணைப்படி ஒன்று விடாமல் போட்டிருந்தாலும், பள்ளி நர்ஸ் தேதிகளைப் பார்த்து எண்ணும்போது சில டோஸ்கள் கழிந்துவிடும். காரணங்களைத் தெரிந்துகொண்டால் புறப்படும் முன்பே சரிசெய்துகொள்ளலாம்.

தட்டம்மை ஊசியை இந்தியாவில் ஒன்பதாம் மாதத்தில் போடுகிறார்கள். முதல் பிறந்தநாளுக்கு முன் போட்டது இங்கே கணக்கில் வராது. அரசு மையத்தில் போட்டது எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா) என்றால் அதில் பொன்னுக்குவீங்கிக்கான மருந்து இல்லை, இங்கே கேட்பது மூன்றும் சேர்ந்த எம்.எம்.ஆர். சின்னம்மை ஊசி அரசு அட்டவணையிலேயே கிடையாது. ஹெபடைடிஸ்-பி கடைசி டோஸ் பிறந்து 24 வாரம் ஆன பிறகு இருக்க வேண்டும், நம் ஊரில் 14-ஆம் வாரத்தோடு முடித்துவிடுகிறார்கள். 2016 ஏப்ரல் முதல் கொடுத்த போலியோ சொட்டு மருந்தையும் சேர்க்க மாட்டார்கள். பத்து வயதில் போடும் டி.டி. ஊசியில் கக்குவான் இருமலுக்கான பகுதி இல்லை. மிடில் ஸ்கூலுக்குக் கேட்பது அதுவும் சேர்ந்த டிடாப். உங்கள் நியூஜெர்சியில் ஆறாம் வகுப்பிலிருந்தே டிடாப்பும் மெனிஞ்சோகாக்கல் (மூளைக்காய்ச்சல் தடுப்பு) ஊசியும் கட்டாயம். டெக்சாஸில் இரண்டும் ஏழாம் வகுப்பில்.

எம்.எம்.ஆர்., சின்னம்மை இரண்டும் உயிருள்ள கிருமியில் செய்தவை. இரண்டையும் ஒரே நாளில் போடலாம். தவறினால் நடுவே 28 நாள் இடைவெளி வேண்டும். ஜூலைக் கடைசியில் வந்து இறங்கி ஆகஸ்டில் தொடங்குபவர்கள் மாட்டிக்கொள்வது இந்த 28 நாளில்தான். காசநோய்ப் பரிசோதனை கேட்டால் தோலில் போடும் சோதனைக்குப் பதில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சிறுவயதில் போட்ட பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசியால் தோல் சோதனை தவறாகப் பாசிட்டிவ் காட்டக்கூடும், ரத்தப் பரிசோதனையில் அந்தக் குழப்பம் இல்லை. இன்ஷூரன்ஸ் இன்னும் வரவில்லை என்றால் கவுன்டி சுகாதாரத் துறையை அணுகுங்கள். இன்ஷூரன்ஸ் இல்லாத 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கு 1994 முதல் நடக்கும் கூட்டாட்சித் திட்டத்தில் மருந்து இலவசம்.

கேள்வி: சோஷியல் செக்யூரிட்டி எண் இன்னும் வரவில்லை. விசா நகல் கேட்டால் கொடுக்க வேண்டுமா?
– வாசகர், ஃப்ரிஸ்கோ, டெக்சாஸ்

எண் இல்லாமலே சேர்க்கலாம். அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள், பள்ளி ஓர் அடையாள எண் தரும். குடியேற்ற நிலையைக் காட்டி அரசுப் பள்ளியில் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்பது 1982-இல் உச்ச நீதிமன்றம் பிளைலர் வழக்கில் தந்த தீர்ப்பு. அந்த வழக்கும் டெக்சாஸிலிருந்து வந்ததுதான். பாஸ்போர்ட்டை வயதுச் சான்றாகக் காட்டினால் பிறந்த தேதி இருக்கும் பக்கம் போதும்.

கேள்வி: சேர்க்கைப் படிவத்தில் வீட்டு மொழி என்ன என்று கேட்கிறார்கள். தமிழ் என்று எழுதினால் பையனை இ.எஸ்.எல். (ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களுக்கான ஆங்கில) வகுப்பில் போட்டுவிடுவார்களாம். இங்கிலீஷ் என்றே எழுதச் சொல்கிறார்கள் நண்பர்கள்.
– வாசகி, கேரி, வட கரோலினா

தமிழ் என்றே எழுதுங்கள். அந்தப் பதிலை மட்டும் வைத்து யாரையும் இ.எஸ்.எல்.-இல் போடுவதில்லை. கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் நான்கிலும் ஒரு தேர்வு வைப்பார்கள். வட கரோலினா உட்படப் பெரும்பாலான மாநிலங்களில் அது விடா தேர்வு, கலிஃபோர்னியாவில் எல்பாக். அதில் தேறிவிட்டால் கதை அதோடு முடிந்தது. ஆங்கில மீடியத்தில் படித்த பிள்ளைகளுக்குப் படிப்பதும் எழுதுவதும் கஷ்டமாக இருக்காது. இடறுவது கேட்டலில்தான். ஒலிப்பதிவின் வேகமும் உச்சரிப்பும் புதிதாக இருக்கும். அமெரிக்கச் சிறுவர்களுக்கான ஒலிப்புத்தகம் ஒன்றைத் தேர்வுக்கு முந்தைய சில வாரம் தினமும் கேட்கச் செய்யுங்கள்.

தேறாவிட்டால் கல்வியாண்டு தொடங்கி 30 நாளுக்குள் உங்களுக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். இ.எஸ்.எல். வேண்டாம் என்று மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் மறுத்தாலும், தேர்ச்சி பெறும் வரை ஆண்டுக்கொரு முறை மொழித் தேர்வு எழுதியே ஆக வேண்டும். மறுக்கும் முன் யோசியுங்கள்: சேவையில் இருக்கும் பிள்ளைக்கு மாநிலத் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் கிடைக்கும். பல பள்ளிகளில் இ.எஸ்.எல். பீரியட் ஓர் எலெக்டிவ்வின் (விருப்பப் பாடத்தின்) இடத்தைப் பிடித்துக்கொள்வது உண்மையான நஷ்டம். எந்த பீரியட் போகும் என்று கவுன்சலரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

பொய்யாக இங்கிலீஷ் என்று எழுதினால் தேர்வே நடக்காது. நவம்பரில் பையன் சமூக அறிவியல் பாடத்தில் தடுமாறும்போது, ஏன் என்று பள்ளியில் யாருக்கும் புரியாது.

கேள்வி: ஐந்தாம் வகுப்பில் இருக்கும் மகளுக்கு எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா–1 கிடைக்க வேண்டும். இப்போதே ஏதாவது செய்ய வேண்டுமா?
– வாசகர், பிளேனோ, டெக்சாஸ்

இப்போதே கவனிக்க வேண்டும். மிடில் ஸ்கூலில் ஐந்தாம் வகுப்பு வசந்த காலத்திலேயே உருவம் பெற்றுவிடுவது கணக்குப் பாதை ஒன்றுதான்.

எட்டாவதில் அல்ஜீப்ரா–1, ஒன்பதில் ஜியோமெட்ரி, பத்தில் அல்ஜீப்ரா–2, பதினொன்றில் பிரீகால்குலஸ், பன்னிரண்டில் ஏ.பி. (கல்லூரி நிலை) கால்குலஸ். அல்ஜீப்ராவை ஒன்பதில் தொடங்கினால் பன்னிரண்டில் பிரீகால்குலஸோடு நிற்கும். எட்டாவதில் அல்ஜீப்ரா படிக்க, ஆறு, ஏழு, எட்டு மூன்று ஆண்டுக் கணக்கை இரண்டே ஆண்டில் முடித்திருக்க வேண்டும். அதனால்தான் ஆறாம் வகுப்பிலேயே 'அட்வான்ஸ்ட்', 'ஹானர்ஸ்', 'கம்பாக்டட்' என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதில் இல்லாமல் ஏழாவதில் நுழைய முயன்றால், நடுவில் விட்ட பாடத்தைக் கோடை விடுமுறையில் படித்தாக வேண்டும்.

டெக்சாஸில் 2023-இல் வந்த எஸ்.பி. 2124 சட்டப்படி, ஐந்தாம் வகுப்புக் கணக்கில் முதல் 40 சதவீதத்தில் வரும் பிள்ளைகளை ஆறாம் வகுப்பு அட்வான்ஸ்ட் கணக்கில் டிஸ்ட்ரிக்டே சேர்க்க வேண்டும். வேண்டாம் என்றால் பெற்றோர்தான் சொல்ல வேண்டும். வட கரோலினாவில் 2018 சட்டம் உண்டு: மாநிலத் தேர்வில் உச்ச நிலையை எட்டிய பிள்ளையை, பெற்றோர் எழுதித் தராமல் உயர்நிலைக் கணக்கிலிருந்து எடுக்க முடியாது. வேறு பல மாநிலங்களில் டிஸ்ட்ரிக்ட் வைத்ததே விதி. மேப் என்ற திறன் தேர்வின் மதிப்பெண், மாநிலத் தேர்வு, ஆசிரியர் பரிந்துரை எல்லாம் சேர்த்துப் பார்ப்பார்கள். 'எங்கள் டிஸ்ட்ரிக்டின் கணக்குப் பிரிவு விதி எங்கே எழுதியிருக்கிறது, மேல்முறையீட்டுக்குக் கடைசி நாள் எது?' என்று பிப்ரவரியிலேயே மின்னஞ்சலில் கேளுங்கள். முடிவு கடிதம் வந்தபின் அவகாசம் மிகக் குறைவு, சில இடங்களில் இரண்டு வாரம்கூட இருக்காது.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் அல்ஜீப்ராவுக்கு ஓட்டம் அதிகம், அதற்கு அடியில் இருக்கும் பின்னத்தின் மேல் கவனம் குறைவு. அல்ஜீப்ராவில் தோற்கும் பிள்ளைகள் பெரும்பாலும் தோற்பது பின்னத்திலும் குறை எண்ணிலும் விகிதத்திலும்தான். கால்குலேட்டர் இல்லாமல் இவற்றைப் போடச் சொல்லிப் பாருங்கள்: 3/4 ÷ 2/5 (விடை 15/8). −7 − (−3) (விடை −4). இரண்டரை மணி நேரத்தில் 140 மைல் போகும் கார் அதே வேகத்தில் 4 மணி நேரத்தில் எவ்வளவு போகும் (224 மைல்)? கடைசிக் கணக்கில் விடையைவிட வழி முக்கியம். 140-ஐ இரண்டரையால் வகுத்து மணிக்கு 56 மைல் என்று கண்டுபிடித்தால் விகிதம் புரிந்திருக்கிறது. எந்த எண்ணை எதோடு பெருக்குவது என்று தடவினால் இன்னும் வரவில்லை. ஆறாம் ஏழாம் வகுப்புக் கணக்கின் முதுகெலும்பு அதுதான், தாண்டிப் போகக் கூடாது.

இந்தியாவிலிருந்து நேராக வரும் பிள்ளைகளிடம் வேறொரு வகை இடைவெளி தெரியும். சமன்பாட்டை வேகமாகத் தீர்ப்பார்கள். வரைபடத்தைப் பார்த்து எது எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று சொல்வதும், 'எப்படி இந்த விடை வந்தது' என்று இரண்டு வரி எழுதுவதும் பழக்கமில்லாமல் இருக்கும். பிரிவுத் தேர்வில் அதற்கும் மதிப்பெண் உண்டு.

சேர்ந்தபின் முதல் ஒன்பது வாரத்தில் தேர்வுகள் 75-க்குக் கீழேயே இருந்தால், பிரிவு மாறக் கடைசி நாள் எது என்று உடனே கேளுங்கள். எட்டாவதில் எடுக்கும் அல்ஜீப்ரா பல இடங்களில் ஹைஸ்கூல் டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பதிவேட்டில்) ஏறிவிடும். வர்ஜீனியாவில் அந்த மதிப்பெண்ணை எடுத்துவிடும்படி பெற்றோர் கேட்கலாம். எல்லா மாநிலத்திலும் அந்த வழி இல்லை.

கேள்வி: மகனுக்கு எல்லாப் பாடத்திலும் 4-க்கு 3 வருகிறது. 75 சதவீதம் என்றால் கவலைப்பட வேண்டாமா?
– வாசகி, பெல்வியூ, வாஷிங்டன்

அது சதவீதமே கிடையாது. 3 என்றால், இந்த வகுப்பு முடிவதற்குள் தெரிந்திருக்க வேண்டியது அவனுக்குத் தெரிகிறது என்று பொருள். 4 என்றால் அதற்கு மேலே. அந்த மேலே என்பது எது என்று ஆசிரியரின் மதிப்பீட்டு அட்டவணையில் எழுதியிருக்கும், கேட்டால் தருவார். கவனிக்க வேண்டியது 2.

சதவீதம் போடும் பள்ளிகளில் வேறு பிரச்சினை. தேர்வுக்கு 80, வீட்டுப்பாடத்துக்கு 20 என்று எடை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தேர்வில் 90 வாங்கும் பிள்ளை நான்கு வீட்டுப்பாடத்தில் இரண்டைக் கொடுக்கவில்லை என்றால் அந்தப் பகுதி 50 ஆகும். மொத்தம் 72-உம் 10-உம் சேர்ந்து 82. எல்லாவற்றையும் கொடுத்திருந்தால் 92. பாடம் புரியாததால் இறங்கிய மதிப்பெண் அல்ல இது. அதனால் பள்ளியின் இணையப் போர்ட்டலில் மொத்த மதிப்பெண்ணைப் பார்த்து டியூஷன் தேடும் முன், 'மிஸ்ஸிங்' (கொடுக்கவில்லை) என்ற வார்த்தை எங்கெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள். வாரம் ஒரு நாள், பிள்ளையோடு உட்கார்ந்து பார்ப்பது போதும். ஆசிரியர் திருத்தி ஏற்றச் சில நாள் ஆகும், தினமும் திறந்து பார்த்தால் சண்டைதான் மிஞ்சும்.

கேள்வி: லாக்கர் பூட்டைத் திறக்க வராமல் மகள் அழுகிறாள். வகுப்புக்கு லேட்டாகிறதாம்.
– வாசகர், ஃபேர்ஃபாக்ஸ், வர்ஜீனியா

இது ஆகஸ்டு, செப்டம்பரில் ஏராளமான பிள்ளைகளின் உண்மையான துயரம். வகுப்புகளுக்கு இடையே கிடைப்பது மூன்று முதல் ஐந்து நிமிடம். எண்கள் 24-8-30 என்று வைத்துக்கொள்வோம். முதலில் வலப்பக்கமாக முழுதாக மூன்று சுற்றுச் சுற்றி 24-இல் நிறுத்த வேண்டும். இது பழைய நிலையை அழிக்க. பிறகு இடப்பக்கம் திருப்பி, 8-ஐ ஒரு தடவை தாண்டவிட்டு, இரண்டாம் தடவை 8 வரும்போது நிறுத்த வேண்டும். கடைசியாக வலப்பக்கம், நேராக 30. சுற்றக் கூடாது. பிறகுதான் கைப்பிடியைத் தூக்க வேண்டும்.

தவறும் இடம் நடுப்பகுதி. முதல் 8-இலேயே நிறுத்திவிடுவார்கள். இன்னொன்று, கைப்பிடியை இழுத்துக்கொண்டே சுழற்றுவது. எண்ணைத் தாண்டிவிட்டால் பின்னால் திருப்பிச் சரிசெய்ய முடியாது, முதலிலிருந்து தொடங்க வேண்டும். கடையில் இதே போன்ற ஓர் எண் பூட்டு வாங்கிக் கொடுங்கள். ஐந்து தடவை தொடர்ந்து பதினைந்து விநாடிக்குள் திறக்கும் வரை வீட்டில் பழகட்டும். அதுவரை காலையில் இரண்டு பீரியட் புத்தகத்தைச் சேர்த்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். லாக்கரே பழுதாக இருக்கவும் கூடும். இரண்டு நாள் ஆகியும் திறக்காவிட்டால் அலுவலகத்தில் சொன்னால் மாற்றித் தருவார்கள்.

கேள்வி: சைவப் பிள்ளைக்குப் பள்ளிச் சாப்பாடு சரிப்படுமா?
– வாசகி, ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா

ஓரளவு சரிப்படும். கூட்டாட்சி விதிப்படி தட்டில் ஐந்து வகை வைப்பார்கள்: பால், பழம், காய்கறி, தானியம், இறைச்சி அல்லது அதற்கு மாற்று. பெரும்பாலான பள்ளிகளில் ஐந்தில் மூன்றை எடுத்தால் போதும், அதில் ஒன்று அரைக் கப் பழமோ காய்கறியோ இருக்க வேண்டும். இறைச்சியைத் தொடாமலே முழுச் சாப்பாடாகக் கணக்கு வைப்பார்கள் என்பதைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். பீன்ஸ், சீஸ், யோகர்ட், கடலை வெண்ணெய் எல்லாம் மாற்று வகையில் சேரும். சில யோகர்ட்டிலும் மார்ஷ்மெல்லோவிலும் ஜெலட்டின் உண்டு, அது விலங்கிலிருந்து எடுப்பது. பொருள்பட்டியலை டிஸ்ட்ரிக்டின் உணவுத் துறை தரும். அலர்ஜி என்றால் மருத்துவர் கையெழுத்திட்ட படிவம் கொடுங்கள், மாற்றித் தர அவர்கள் கடமைப்பட்டவர்கள். உங்கள் கலிஃபோர்னியாவில் 2022-23 கல்வியாண்டிலிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசம்.

வீட்டுச் சாப்பாடு கொடுத்தனுப்பினால் மைக்ரோவேவை நம்ப வேண்டாம். தெர்மோ டப்பாவில் கொதிக்கும் நீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடி வைத்து, கொட்டிவிட்டு, சூடான சாதத்தைப் போட்டால் மதியம் வரை சூடு நிற்கும்.

கேள்வி: பேண்டா, ஆர்கெஸ்ட்ராவா, ஸ்பானிஷா?
– வாசகர், இர்வைன், கலிஃபோர்னியா

வாத்தியம் வேண்டும் என்றால் ஆறாவதிலேயே எடுங்கள். பேண்ட் என்பது ஊதும் கருவிகளும் முரசும், ஆர்கெஸ்ட்ரா என்றால் வயலின் போன்ற தந்திக் கருவிகள். ஏழாவதில் புதிதாகச் சேருவது கடினம், மற்றவர்கள் ஓராண்டு முன்னால் இருப்பார்கள். மொழியை ஏழிலோ எட்டிலோ தொடங்கினாலும் நஷ்டம் இல்லை. கருவியை வாங்க வேண்டாம், முதல் ஆண்டு வாடகைக்கு எடுங்கள்.

கேள்வி: மகனுக்குக் கவனக்குறைவு நோய் என்று டாக்டர் சொல்கிறார். மார்க் நன்றாக இருப்பதால் உதவி கிடைக்காது என்கிறது பள்ளி.
– வாசகி, அட்லான்டா புறநகர்

அந்தப் பதில் சரியல்ல. நல்ல மார்க் என்பது ஒன்றே மறுக்கக் காரணமாகாது. இரண்டு வழிகள் உண்டு. வகுப்பில் முன்வரிசை இடம், தேர்வில் கூடுதல் நேரம் போன்ற ஏற்பாடு போதும் என்றால் 1973 மறுவாழ்வுச் சட்டத்தின் 504-ஆம் பிரிவுத் திட்டம். தனியாகப் பாடம் சொல்லித் தர வேண்டும் என்றால் சிறப்புக் கல்வியில் வரும் ஐ.இ.பி. என்ற தனிநபர் கல்வித் திட்டம்.

வாயால் கேட்டதற்குக் கடிகாரம் ஓடாது. தேதியிட்ட மின்னஞ்சலை முதல்வர், கவுன்சலர் இருவருக்கும் அனுப்புங்கள்: 'என் மகனைச் சிறப்புக் கல்விக்கும் 504-க்கும் முழுமையாக மதிப்பீடு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். அவன் சிரமப்படுவது இவற்றில்.' கீழே இரண்டு மூன்று திட்டவட்டமான உதாரணங்கள்: 20 நிமிட வீட்டுப்பாடம் முடிய இரண்டு மணி நேரம் ஆகிறது, முடித்ததையும் கொடுக்க மறக்கிறான். சம்மதப் படிவத்தில் நீங்கள் கையெழுத்திட்ட நாளிலிருந்து கூட்டாட்சி விதிப்படி 60 நாளுக்குள் ஐ.இ.பி. மதிப்பீட்டை முடிக்க வேண்டும், மாநிலம் தனியாகக் காலம் வைத்திருந்தால் அதுவே செல்லும். 'முதலில் சில மாதம் வேறு முயற்சி பார்க்கலாம்' என்று சொல்லி மதிப்பீட்டைத் தள்ளிப்போடக் கூடாது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், கேட்டு வாங்குங்கள். பள்ளி செய்த மதிப்பீட்டில் உடன்பாடு இல்லை என்றால் வெளி நிபுணரின் மதிப்பீட்டைப் பள்ளிச் செலவில் கேட்கவும் உரிமை உண்டு. செலவை ஏற்க மறுத்தால், தன் மதிப்பீடு சரியே என்று பள்ளிதான் விசாரணையில் நிரூபிக்க வேண்டும்.

கேள்வி: பஸ்ஸில் மகளின் நிறத்தையும் சாப்பாட்டையும் சொல்லிக் கேலி செய்கிறார்கள். டிரைவரிடம் சொல்லியும் பயனில்லை.
– வாசகர், மிச்சிகன்

டிரைவரோடு நிறுத்தாமல் இன்றே உதவி முதல்வருக்கு எழுதுங்கள். தேதி, பஸ் எண், காலையா மாலையா, சொன்ன வார்த்தை அப்படியே, பக்கத்தில் இருந்தவர்கள். பஸ் கேமராப் பதிவை அழிக்காமல் வைத்திருக்கும்படி அதே மின்னஞ்சலில் கேளுங்கள், சில நாளில் அதன் மேல் புதுப் பதிவு ஏறிவிடும். நிறம், இனம், பிறந்த நாடு பற்றிய துன்புறுத்தல் 1964 குடிமை உரிமைகள் சட்டத்தின் ஆறாம் தலைப்பின் கீழ் வருவது என்பதையும் ஒரு வரியில் குறிப்பிடுங்கள். சாதாரணக் கேலிப் புகாருக்கும் இதற்கும் பள்ளி எடுக்க வேண்டிய நடவடிக்கை வேறு. மற்றப் பிள்ளைக்கு என்ன தண்டனை என்று சொல்ல மாட்டார்கள். உங்கள் மகளைப் பாதுகாக்க என்ன செய்கிறார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும்: இருக்கை மாற்றம், முன்வரிசை, யார் கண்காணிப்பது. பள்ளியும் டிஸ்ட்ரிக்டும் அசையாவிட்டால் கூட்டாட்சிக் கல்வித் துறையின் குடிமை உரிமைகள் அலுவலகத்தில் புகார் தரலாம். சம்பவம் நடந்து 180 நாளுக்குள் தர வேண்டும்.